முகம் தெரியாதவருடன் ஒன்லைனில் கதைக்கும்போது எதையெல்லாம் சொல்லாமல் இருப்பது நல்லது?

பெயரை மறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அது காணாது. ஊர், படித்த பள்ளிக்கூடம், ஏ.எல். எடுத்த ஆண்டு, இந்த மூன்றும் கிடைத்தால் வீடு கிடைத்த மாதிரித்தான். கதைப்பவர் கனடாவில் இருந்தாலும் இங்கே விசாரிக்க அவருக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். ஒன்றை இன்றைக்கும் மற்றதை அடுத்த மாதமும் சொன்னாலும் சேர்த்துப் பார்க்க அவரால் முடியும். "யாழ்ப்பாணம்" என்பதோடு நிறுத்துங்கள்.

கலியாணப் பேச்சு என்று சொல்லிச் சாதகக் குறிப்புக் கேட்பார்கள். அதில் பிறந்த திகதி, நேரம், இடம் எல்லாம் இருக்கும். அடையாள அட்டைப் படமும் அப்படித்தான்: 12 இலக்கத்தில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். வீட்டுப் பெரியவர்கள் நேரில் கதைக்கும் வரை இரண்டையும் அனுப்ப வேண்டாம்.

போன் நம்பர் கொடுக்காமல் கதைக்க ரெலிகிராமில் பயனர் பெயர் போதும். ஆனால் தனியுரிமை அமைப்பில் நம்பரை "யாருக்கும் இல்லை" என்று மாற்றிவிடுவதே பாதுகாப்பு. படத்தை "ஆவணம்" ஆக அனுப்பாதீர்கள். எடுத்த இடத்தின் விபரம் அதற்குள் இருந்தால் அப்படியே போய்விடும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். படலை, கடைப் பெயர்ப்பலகை, பள்ளிச் சீருடை படத்தில் தெரிந்தால் அதற்கு மருந்தில்லை.

"தவறி உங்கட நம்பருக்கு ஆறு இலக்கக் கோட் ஒன்று வந்திட்டுது, சொல்லுங்கோ" என்று கேட்டால், அது உங்கள் வட்ஸ்அப்பைத் திறக்கும் கோட். கொடுத்துவிட்டால் உங்கள் பெயரில் மாமா, சித்தி எல்லோரிடமும் காசு கேட்பார்கள். உடனே அதே நம்பரில் திரும்பப் பதிவு செய்யுங்கள். புதுக் கோட்டைப் போட்டதும் அவர் வெளியேறிவிடுவார். அவர் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான பின் (PIN) இலக்கம் வைத்திருந்தால், நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். முன்கூட்டியே அந்தப் பின் இலக்கத்தை நீங்களே வைத்துவிட்டால் இந்தக் கரைச்சலே இல்லை.

லண்டனில் இருந்து பார்சல் அனுப்பினேன், சுங்கத்தில் மறித்துவிட்டார்கள், இந்தக் கணக்குக்குக் காசு போடுங்கள் என்பது பழைய கள்ளம். சுங்க வரியைத் தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்கில் கட்டுவதில்லை.

வீடியோ அழைப்பைப் பதிவு செய்து மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் திரும்பவும் கேட்பார்கள். உரையாடலை அழிக்கவும் வேண்டாம். நம்பர், புரொபைல் இணைப்பு, கேட்ட கணக்கு இலக்கம் மூன்றும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்த பிறகு தடை செய்யுங்கள். பிறகு இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தின் 101, பெண்களுக்கு 1938, பிள்ளைகள் விஷயமென்றால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க உதவும் ஸ்டொப் என்.சி.ஐ.ஐ. (StopNCII) தளத்தையும் பயன்படுத்தலாம். படம் உங்கள் போனை விட்டுப் போகாது. அதிலிருந்து எடுக்கும் குறியீடு மட்டும் போகும், அதை வைத்துப் பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்ற தளங்கள் அந்தப் படத்தை ஏற்றவிடாமல் தடுக்கும்.