நூறு மெகாபிக்சல் கேமராவுடன் களத்தில்: கேள்வி பதில்

ஃபூஜிஃபில்ம் நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் 2 கேமராவைப் புதிதாக வாங்கியவர்களும் வாங்க எண்ணுபவர்களும் அனுப்பிய கேள்விகளில், வெளியிடங்களில் படமெடுப்பது தொடர்பானவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (மதுரை): பல ஆண்டுகளாக ஃபுல் ஃப்ரேம் கேமரா வைத்திருக்கிறேன், ஐயா. மீடியம் ஃபார்மட்டுக்கு மாறினால் படத்தில் வேறுபாடு தெரியுமா?

பதில்: ஒளியைப் படமாகப் பதியும் சென்சார், ஃபுல் ஃப்ரேமில் 36 × 24 மில்லிமீட்டர். மீடியம் ஃபார்மட் கேமராவான இதில் 43.8 × 32.9 மில்லிமீட்டர், பரப்பில் ஃபுல் ஃப்ரேமைப் போலச் சுமார் 1.7 மடங்கு. கைபேசித் திரையில் மட்டுமே படங்களைக் காட்டுபவருக்கு வேறுபாடு ஏதும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தில் 11,648 × 8,736 பிக்சல்கள் இருப்பதால், அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டாலே ஏறக்குறைய 39 அங்குல அகலம் கிடைக்கும். அவ்வளவு பெரிய அச்சின் அருகில் நின்று பார்க்கும்போதுதான், கருங்கல்லின் சொரசொரப்பும் நிழலுக்குள் படிப்படியாக மாறும் சாயல்களும் இந்தக் கேமராவின் தகுதியைக் காட்டும். பெரிதாக அச்சிடுவதோ, படத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதோ உங்கள் வேலையில் இல்லையென்றால், கையில் இருக்கும் கேமராவையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): கேமராவுக்குள் எட்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியில் இரு மடங்கு வேறுபாடு) வரை அதிர்வுக் குறைப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் நீலகிரிப் புல்வெளியில் 63 மி.மீ. லென்ஸால் 1/60 நொடியில் கையில் பிடித்து எடுத்த படங்களில், பாறைகள் துல்லியமாகவும் புற்கள் கலங்கலாகவும் இருக்கின்றன. லென்ஸில் குறை இருக்குமா?

பதில்: லென்ஸில் குறையில்லை, பாறை துல்லியமாக விழுந்திருப்பதே அதற்குச் சான்று. அதிர்வுக் குறைப்பு உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் ஈடுகட்டுமே தவிர, காற்றில் ஆடும் புல்லை அதனால் நிறுத்த முடியாது. மூன்று மீட்டர் தொலைவில் உள்ள ஒரு புல்லின் நுனி, நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் மட்டுமே அசைவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1/60 நொடியில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். 63 மி.மீ. லென்ஸ் வழியாக அந்த நகர்வு சென்சாரில் ஏறத்தாழ 36 மைக்ரான் நீளத்துக்கு விழும். ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான் என்பதால், புல்லின் நுனி ஒன்பது பிக்சல்களுக்கு மேல் இழுபட்டிருக்கும். அதே புல்லை 1/500 நொடியில் எடுத்தால் இழுபடுவது ஏறக்குறைய ஒரே ஒரு பிக்சல்தான்.

ஆகவே தாவரங்கள் உள்ள காட்சியில் முதலில் ஷட்டர் வேகத்தை முடிவு செய்யுங்கள். அதற்காக, ஒளியுணர் அளவான ஐஎஸ்ஓவை 400க்கோ 800க்கோ உயர்த்தத் தயங்க வேண்டாம். இந்தச் சென்சாரில் அதனால் ஏற்படும் இழப்பு சிறிது, கலங்கிய புல்லைப் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை. காற்று விட்டு விட்டு வீசும் இடங்களில், அது அடங்கும் வரை காத்திருந்து ஒரே சட்டகத்தைப் பல முறை எடுத்து வைப்பது என் வழக்கம். அசையாத பொருளானாலும், குவியத் தூரத்துக்கு ஈடான வேகம் (63 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 1/60 நொடி) போதும் என்ற பழைய கணக்கை இங்கே நம்பாமல், அதைப்போல் இரண்டு மடங்கு வேகம் வைப்பது நல்லது.

கேள்வி (இராமநாதபுரம்): தனுஷ்கோடிக் கடற்கரையில் டிரைபாட் வைத்தும் படங்கள் சற்று மங்கலாக வருகின்றன.

பதில்: அலை வந்து திரும்பும் ஈரமணலில் கால்களை வைத்தால், ஒவ்வொரு அலையின்போதும் கால்கள் சிறிது சிறிதாகப் புதையும், ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கும் நீண்ட எக்ஸ்போஷரில் அது போதும் படத்தைக் கெடுக்க. கால்களைக் கையால் அழுத்தி, இனி இறங்காது என்ற அளவுக்கு ஊன்றிவிட்டு, ஓர் அலை வந்து போனபின் எடுங்கள். நடுத் தண்டை உயர்த்தவே வேண்டாம். கேமராவின் கழுத்துவார் காற்றில் படபடத்தாலும் அதிர்வு வரும் என்பதால் அதைக் கழற்றிவிடுங்கள். ஷட்டரை எலக்ட்ரானிக் ஃப்ரன்ட் கர்ட்டன் (மின்னணு முறையில் தொடங்கி இயந்திரத் திரையால் முடிக்கும்) முறையில் வைத்து, இரண்டு நொடி டைமரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழு எலக்ட்ரானிக் ஷட்டரை அங்கே தவிர்ப்பது நல்லது: சென்சார் வரிசை வரிசையாகப் படிக்கப்படுவதற்குள் அலை நகர்ந்துவிடும், அதன் வடிவம் சாய்ந்து பதிவாகும். கரைக்குத் திரும்பியதும் டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்காவிட்டால், உப்பும் மணலும் பூட்டுகளை இறுக்கிவிடும்.

கேள்வி (கும்பகோணம்): தாராசுரம் கோயிலில் தூண் சிற்பங்களை எடுக்கிறேன். முன்னும் பின்னும் தெளிவாக இருக்க எஃப்/16 வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு நுண்கோடும் சற்று மென்மையாகிவிடும். எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சுருங்கும். ஒளி சிறு துளை வழியே செல்லும்போது விரிவதால், ஒரு புள்ளி புள்ளியாகவே விழாமல் சிறு வட்டமாக விழுகிறது. எஃப்/8இல் அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 11 மைக்ரான், எஃப்/16இல் 21 மைக்ரானுக்கு மேல். அதாவது ஐந்து பிக்சலுக்கும் கூடுதல். சிற்பியின் உளி வேலையைக் காட்டவே இந்தக் கேமராவை எடுத்துச் செல்கிறீர்கள் என்பதால், எஃப்/8இல் வைத்து, ஃபோகஸ் பிராக்கெட்டிங் முறையில் ஃபோகஸை முன்னிருந்து பின்னாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் இணைப்பதையே பரிந்துரைக்கிறேன். அதற்கு டிரைபாட் தேவை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் டிரைபாட் வைக்க முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அனுமதி இல்லாத நாளில் எஃப்/11 ஒரு நல்ல சமரசம்.

கேள்வி (திருநெல்வேலி): மழைக்காலத்தில் குற்றாலம், மாஞ்சோலைப் பக்கம் கொண்டு போகலாமா?

பதில்: தாராளமாகக் கொண்டு போகலாம். உடல் பகுதி தூறலையும் தூசியையும் தாங்கும்படி அடைக்கப்பட்டிருக்கிறது. லென்ஸும் அப்படிப்பட்டதாக இருந்தால் தூறலில் தொடர்ந்து எடுக்கலாம், லென்ஸ் மாற்றுவதை மட்டும் கூரைக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். மழைத்துளியைவிட எனக்கு அதிக அச்சம் தருவது ஏசி காரிலிருந்து இறங்கும் அந்தக் கணம். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் உடனே பனித்து, முன்பக்கக் கண்ணாடி பால் நிறமாகும். அதைத் துணியால் துடைத்தாலும் மறுபடி படியும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரின் மேலும் படியும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்திருங்கள், அல்லது சேருமிடத்துக்குச் சற்று முன்பே ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். வீட்டில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள டிரை கேபினெட்டில் வையுங்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை வருவது நம் தட்பவெப்பத்தில் உறுதி.

கேள்வி (சேலம்): உப்பளத் தொழிலாளர்களை நண்பகல் வெயிலில் ஃபிளாஷ் வைத்து, பின்புலம் மங்கலாக எடுக்க விரும்புகிறேன். முடியுமா?

பதில்: இதன் ஃபிளாஷ் ஒத்திசைவு (சாதாரண முறையில் ஃபிளாஷுடன் சேர்ந்து இயங்கும் மிக வேகமான ஷட்டர்) 1/125 நொடிதான். ஐஎஸ்ஓ 80இல், அந்த வேகத்தில், கடும் வெயிலுக்கு எஃப்/13 அளவுக்குத் துளையைச் சுருக்க வேண்டியிருக்கும், பின்புலம் மங்காது. ஒளியைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால் எஃப்/4.5 அருகே வரலாம், ஆனால் ஃபில்டர் ஃபிளாஷ் ஒளியையும் அதே அளவு குறைப்பதால் திறன் மிக்க ஃபிளாஷ் தேவைப்படும். இந்த வேலையையே அடிக்கடி செய்பவருக்கு ஹாசல்பிளாட் எக்ஸ்2டி பொருத்தமானது. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே அமைந்த அதன் லீஃப் ஷட்டர் லென்ஸ்களில் 1/2000 நொடியிலும் ஃபிளாஷ் ஒத்திசையும். உப்பளத்தில் வெண்மை வெளுத்துப்போகாமல் ஒளியை அளவெடுங்கள். நிழலைப் பின்னால் எவ்வளவோ மேலே கொண்டுவரலாம். வெளுத்த உப்பில் மீட்க ஒன்றும் இருக்காது.

கேள்வி (சென்னை): 16 பிட் ரா (சென்சார் பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் கோப்பு) எப்போதும் தேவையா?

பதில்: தேவையில்லை. சுருக்காத 16 பிட் கோப்பு ஒன்று 200 எம்பியைத் தாண்டும். தரமிழக்காத சுருக்க முறையைத் தேர்ந்தெடுங்கள். அன்றாடப் பணிக்கு 14 பிட்டே போதும்.

கேள்வி (திருச்சி): பறவைகளை எடுக்கலாமா?

பதில்: கிளையில் அமர்ந்த பறவையை எடுக்கலாம். இந்தக் கேமராவுக்கான ஜிஎஃப் 500 மி.மீ. லென்ஸ்கூட ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 400 மி.மீ. அளவுக்கே நெருங்கும் என்பதால், பறவைக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): 2021இல் வந்த முந்தைய 100எஸ், ஒருவர் பயன்படுத்தியது, குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: நிலக்காட்சியும் கட்டடங்களும் உங்கள் பொருளென்றால் வாங்குங்கள். அதுவும் 102 மெகாபிக்சல்தான். அதிர்வுக் குறைப்பு எட்டுக்குப் பதில் ஆறு ஸ்டாப், விலங்குகளையும் வாகனங்களையும் தானே கண்டறிந்து ஃபோகஸ் செய்யும் வசதி கிடையாது. மிச்சமாகும் பணத்தை உறுதியான டிரைபாடுக்குச் செலவிடுங்கள். வாங்கும்முன் லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பூஞ்சை இழைகள் உண்டா என்று பாருங்கள். பிறகு எஃப்/16இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து, சென்சாரில் கறையோ கீறலோ இருக்கிறதா என்று முழு அளவில் பெரிதாக்கிச் சரிபாருங்கள்.