ஆர்ப்பாட்டம் செய்தால் தூக்குக் கிடைக்குமா?

கேள்வி: என் சித்தப்பாவைக் கொன்றதாகப் பிடிபட்டவர் விளக்கமறியலில் இருக்கிறார். "பிணை கொடுக்காதே, தூக்கில் போடு" என்று அடுத்த தவணையன்று நீதிமன்றத்துக்கு முன்னால் ஊர்ச்சனம் கூடப்போகிறது. எங்கள் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரோ உயிருக்கு உயிர் கேட்பது பாவம் என்கிறார். ஆர்ப்பாட்டத்தால் வழக்குக்குப் பலன் உண்டா? — வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: பிணைக்காக நீதவான் நீதிமன்ற வாசலில் கத்திப் பயனில்லை. கொலை வழக்கில் பிணை கொடுக்கும் அதிகாரம் மேல் நீதிமன்ற நீதிபதிக்குத்தான் உண்டு. ஆனால் சனத்தின் கோபத்தைச் சட்டம் கணக்கில் எடுக்கும் ஓரிடமும் பிணைதான். குற்றத்தின் பாரதூரமும் அதற்கு மக்கள் காட்டும் எதிர்ப்பும் அமைதியைக் குலைக்கும் என்று கண்டால் பிணையை மறுக்கலாம் என்கிறது 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், 14ஆம் பிரிவு.

தூக்கு வேறு கதை. கொலை நிரூபணமானால் தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவில் மரண தண்டனைதான். பதாதை பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி. ஆனால் 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிடவில்லை. வண்ணக்கர் சொல்வது போன்ற மனச்சாட்சிக்கும் ஊரின் கோபத்துக்கும் இடையில் நம் சட்டம் இழுபட்டே வந்திருக்கிறது. 1956இல் வந்த பிரதமர் பண்டாரநாயக்கவின் அரசு தூக்கை நிறுத்தியது. 1959இல் அவரையே சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர் ஒரு பிக்கு. நாடு கொதித்தது, தூக்கு திரும்பி வந்தது, 1962இல் அந்தப் பிக்கு தூக்கிலிடப்பட்டார். 2019இல் போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி கையெழுத்திட்டார்; உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. தூக்கைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்பதானால் அதைக் கொழும்பில் அரசிடம் கேளுங்கள். நீதிபதியிடம் கேட்பதில் பொருளில்லை.

கூட்டம் கூடுவது உங்கள் உரிமை. பொலிசுக்கு முன்கூட்டியே அறிவியுங்கள், கல்லை மட்டும் யாரும் தொடவேண்டாம். புங்குடுதீவு மாணவி கொலைக்காக 2015இல் யாழ்ப்பாணத்தில் திரண்டவர்களில் சிலர் நீதிமன்றத் தொகுதியைத் தாக்கினார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். 2017இல் அந்த வழக்கில் ஏழு பேருக்கு மரண தண்டனை கிடைத்ததற்குக் காரணம் கல்லல்ல, சாட்சியம். அதே 2015இல் கொட்டதெனியாவ சிறுமி கொலையில் ஊர் கொதித்துக்கொண்டிருந்தபோது முதலில் பிடிபட்டவர்கள் குற்றமற்றவர்கள். அதனால் பதாதையில் சந்தேகநபரின் பெயரையும் படத்தையும் போடாதீர்கள்.

சரி, ஊரில் சேர்க்கும் காசை எதற்குச் செலவழிக்கலாம்? உங்கள் தரப்பு நலனைக் கவனிக்க ஒரு சட்டத்தரணியை அமர்த்துங்கள். சாட்சிகளை யாராவது மிரட்டினால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்டு உடனே முறைப்பாடு செய்யுங்கள்.