32 பூதங்கள், ஒரே மகுடம்: கேள்விகளும் பதில்களும்

வேலூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு) விளையாடுகிற நாங்கள், எங்களுக்கு மிகவும் பிடித்த பூதம் எது என்று வாக்கெடுப்பு நடத்துகிறோம். 32 பூதங்கள் இரண்டிரண்டாக மோதும், தோற்றது வெளியேறும், 31 மோதல்கள் முடிந்தால் ஒன்று மிஞ்சும். இப்போது அரையிறுதி: பிஹோல்டருக்கு (பல கண்களோடு மிதக்கும் உருண்டை) எதிரே ஆந்தைக்கரடி, ராட்சசனுக்கு எதிரே மிமிக் (பெட்டி, கதவு போல வேடமிடும் பூதம்). 12 ஆண்டுகளாகக் கதை சொல்லி, பூதங்களை இறக்கி ஆட்டம் நடத்தி வருபவன் என்பதால் கேள்விகளை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

காட்பாடி மாணவர்: டராஸ்க் எப்படி அண்ணா இரண்டாம் சுற்றிலேயே தோற்றது? அதைவிட வலிமையானது உண்டா?

ஊரையே அழிக்கும் அந்த மாபெரும் மிருகத்துக்கு 2014 விதிநூலில் 676 உயிர்ப்புள்ளிகள் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்). ஆனால் நீங்கள் ஒரு முறையாவது அதனோடு மோதியிருக்கிறீர்களா? நம்மில் பெரும்பாலோர் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். அந்தப் பூதம் வந்த இரவில் உங்கள் மேசையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்து வாக்களியுங்கள். எண்ணைப் பார்த்து வாக்களிக்காதீர்கள்.

ராணிப்பேட்டை: ஆந்தைக்கரடி எந்த நாட்டுப் புராணத்தில் வருகிறது?

எதிலும் இல்லை. இந்த விளையாட்டை டேவ் ஆர்னிசனோடு சேர்ந்து 1974-இல் வெளியிட்ட கேரி கைகாக்ஸ், ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைக் கடையில் வாங்கி வந்தார். எந்த மிருகம் என்றே சொல்ல முடியாத அந்தப் பொம்மைகளுக்கு அவரும் கூட்டாளிகளும் பெயரும் குணமும் கொடுத்தார்கள். ஆந்தைக்கரடி, இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர், மண்ணுக்கடியில் துளைத்து வரும் புலெட் எல்லாம் அப்படிப் பிறந்தவை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. ஒருமுறை நான் புலெட்டைப் பாலாற்று மணலுக்குள் இறக்கினேன். தண்ணீர் இல்லாத ஆறு, வேலூர்க் கரையிலிருந்து காட்பாடிக் கரைக்கு நடந்தே போய்விடலாம் என்று நம் ஆட்கள் இறங்கினார்கள். பாதி தூரத்தில், மணலைக் கிழித்துக்கொண்டு ஒரு முதுகுத் துடுப்பு மட்டும் வந்தது. மேசையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. ரஸ்ட் மான்ஸ்டரும் அப்படித்தான்: டிராகனுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்ற வீரர், கவசம் துருவாக உதிரும் என்று தெரிந்ததும் நாய் அளவுப் பிராணியைக் கண்டு ஓடினார்.

சத்துவாச்சாரி: பிஹோல்டரும் மூளை தின்னும் மைண்ட் ஃபிளேயரும் முதல் சுற்றிலேயே மோதியது நியாயமா?

நியாயம் இல்லை. சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்தோம், அது எங்கள் தவறு. இரண்டும் 1975-இல் அச்சுக்கு வந்த மூத்த பூதங்கள், இறுதியில் சந்தித்திருக்க வேண்டியவை. தோற்றால் வெளியேற்றம் என்ற முறையில் முதலிடம் ஒன்றைத்தான் ஓரளவு நம்பலாம். இரண்டாவது சிறந்தது முதல் நாளே வீட்டுக்குப் போயிருக்கக்கூடும். அடுத்த முறை தகுதி வரிசை போட்டு, முதலாவதையும் 32-ஆவதையும் மோதவிடுவோம்.

குடியாத்தம்: டராஸ்க்கை மறுபடியும் சேர்க்கலாமே?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஆற்காடு: ராட்சசன் நம்முடையவன். நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் அவனுக்கே வாக்களிக்க வேண்டாமா?

வாலாஜாபேட்டை: அது நம் ராட்சசனே அல்ல ஐயா! புலித்தலை, பட்டு அங்கி, கையில் புகைக்குழாய். இராவணனை இப்படியா காட்டுவது?

இந்த இரண்டு பேரைத் தொடர்ந்து இன்னும் பதினொரு பேர் எழுதிவிட்டார்கள். சேர்த்தே சொல்கிறேன்.

வாலாஜாபேட்டை நண்பரின் கோபம் நியாயமானது. 1977-இல் வந்த மான்ஸ்டர் மானுவல் என்ற பூதங்களின் விதிநூலில் ராட்சசன் புலித்தலையோடு புகைபிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஆசி பெற்ற குறுக்குவில் அம்பு பட்டால் இறந்துவிடுவான் என்று எழுதியிருக்கிறது. இவை நம் கதையில் இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய குறை, அங்கே வீடணனுக்கு இடமே இல்லாதது. பிறப்பிலேயே எல்லோரும் தீயவர் என்று முடித்துவிட்டார்கள்.

ஆனால் அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இவன் எதிரே நிற்பவரின் மனத்தைப் படித்து, அவர் யாரை நண்பர் என்று நம்புவாரோ அந்த உருவில் தோன்றுவான். மாரீசன் பொன்மானாக வந்தான். சூர்ப்பணகை அழகியாக வந்தாள். இராவணன் துறவியாக வந்து வாசலில் நின்றான், துறவியைச் சீதை நம்புவாள் என்பதால். உயிர்நாடியை விட்டுவிடவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

எங்கள் ஆட்டத்தில் அவன் ஊர் வைத்தியராக வந்தான். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் காயத்துக்கு மருந்து கட்டினான், எல்லா ரகசியத்தையும் கேட்டுக்கொண்டான். ஐந்தாவது வாரம் அவன் தண்ணீர்ச் செம்பை நீட்டியபோது, உள்ளங்கை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது என்று மட்டும் சொன்னேன். ராட்சசனின் அடையாளம் அதுதான் என்று விதிநூலில் படித்திருந்த ஒரு தங்கை பகடையைக் கீழே போட்டுவிட்டாள்.

ஆற்காட்டு நண்பரே, என் வாக்கு ராட்சசனுக்குத்தான். அந்தச் செம்புக்காகப் போடுகிறேன். சொந்த ஊர்க்காரன் என்று போடாதீர்கள், அது அவனுக்கும் பெருமையில்லை.

ஆம்பூர்: பிஹோல்டரை வைத்துக் கதை எழுதி விற்கலாமா?

வேண்டாம். 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம்) திறந்துவிட்ட விதித்தொகுப்பில் ஆந்தைக்கரடி, மிமிக், ராட்சசன் உண்டு. பிஹோல்டருக்கும் மைண்ட் ஃபிளேயருக்கும் அதில் பக்கம் இல்லை.

பெயர் போடாத ஒருவர்: விதிநூல் இலவசமாக எங்கே கிடைக்கும்?

மேலே சொன்ன தொகுப்பு இலவசம். திருட்டுப் பிரதியை என்னிடம் கேட்காதீர்கள்.

திருப்பத்தூர்: டராஸ்க்...

போதும் தம்பி.

வேலப்பாடி: பட்டியலில் ஏன் யாளி இல்லை?

1977 நூலில் யாளி இல்லை, எங்கள் பட்டியல் பெரும்பாலும் அதிலிருந்து எடுத்தது. ஆனால் இன்று வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். விஜயநகரக் காலத்துச் சிற்பிகள் தூணுக்குத் தூண் யாளியைப் பாயவிட்டிருக்கிறார்கள். பாயும் குதிரைகளும் பக்கத்திலேயே உண்டு. எழுந்து நிற்கும் முன்னங்காலையும் பிதுங்கிய கண்ணையும் பார்த்துவிட்டு, அது மண்டபத்தை விட்டு இறங்கினால் முதலில் என்ன செய்யும் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். உயிர்ப்புள்ளிகளைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஞாயிறு மாலை ஆட்டத்தில் இறக்கிப் பார்ப்போம்.