வீட்டு வன்முறையைப் பற்றிக் கேட்டால் பெண்கள் உண்மையைச் சொல்வார்களா?

கணவனிடம் அடிபட்டதை வீடு தேடி வரும் ஆய்வாளரிடம் பெண்கள் சொல்வார்களா, அல்லது மருத்துவமனைப் பதிவேடுகளே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பொதுச் சுகாதார மாணவர் என்றும், களப்பணிக்குச் சில மாதங்களே கிடைக்கும் என்றும் ஊகித்து எழுதுகிறேன்.

பதிவேடுகளை மட்டும் நம்ப வேண்டாம். 2001ஆம் ஆண்டில் இந்தியாவில் தீக்காயத்தால் இறந்தோர் ஏறத்தாழ 1,63,000 பேர், அவர்களில் 1,06,000 பேர் பெண்கள் என 2009இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது; காவல்துறைக் கணக்கைப் போல அது ஆறு மடங்கு. 'ஸ்டவ் வெடித்தது' என்று எழுதி முடிக்கப்பட்ட தாள்களில் எதைத் தேடுவீர்கள்?

நேரில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும். அறைந்தாரா, தள்ளினாரா, கழுத்தை நெரித்தாரா என்று ஒவ்வொரு செயலாகக் கேட்க வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு அப்படித்தான், அதுவும் ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே, கேட்கிறது. 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சொன்னது அவ்வாறு கேட்டதனால்தான்.

விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைச் சந்தித்தபோது, ஒரு வீட்டில் மாமியார் திண்ணையைவிட்டு நகரவே இல்லை. பிறர் அருகில் இருந்தால் கேட்பதற்கென்றே வைத்திருந்த இரும்புச்சத்து மாத்திரைக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ரேஷன் கடைக்குக் கிளம்பிய பிறகுதான், கையிலிருந்த காயத்தை நர்ஸ் பார்த்துவிடுவார் என்று அஞ்சி இரண்டு மாதமாகப் பரிசோதனைக்குப் போகவில்லை என்று அந்தப் பெண் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஏட்டில் அவர் 'வராதவர்', அவ்வளவுதான். வன்முறைக்கும் எடை குறைந்த பிறப்புக்கும் உள்ள தொடர்பை உலகச் சுகாதார நிறுவனம் 2013லேயே சுட்டியிருக்கிறது. இப்படிப் பரிசோதனையைத் தவறவிடுவதும் அத்தொடர்புக்கான வழிகளுள் ஒன்று என்பது என் கருத்து. ஒரு பெண்ணை வைத்து முடிவுகட்டுவதாகச் சிலர் எழுதுவார்கள். நான் முடிவுகட்டவில்லை, எந்தக் கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்பதையே சொல்கிறேன்.

எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழு, ஒப்புதல் படிவத்தில் 'குடும்பத் தலைவர் கையொப்பம்' வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. அடிப்பவரிடமே அனுமதி வாங்கிவந்து அடிபட்டவரிடம் கேட்பதா? பெண்ணின் பாதுகாப்பே முதன்மை என்னும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு நெறிமுறையை அச்செடுத்து வைத்த பிறகே அந்த வரி நீங்கியது. உதவி கேட்கும் பெண்ணை எங்கே அனுப்புவாய் என்று மட்டும் அக்குழுவில் ஒருவரும் கேட்கவில்லை.

அதை நீங்களே முன்கூட்டி முடிவு செய்யுங்கள். 181 என்னும் பெண்கள் உதவி எண்ணையும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் களத்துக்குப் போகுமுன் நேரில் விசாரித்து வையுங்கள். ஊரில் ஆய்வின் பெயரைப் 'பெண்கள் உடல்நலக் கணக்கெடுப்பு' என்று மட்டும் சொல்லுங்கள். வன்முறை என்ற சொல் அச்சான எந்தத் தாளையும் வீட்டில் விட்டுவராதீர்கள்.