பதினோரு மணிக்கு வரும் வியர்வை

கேள்வி: எனக்கு வயது 43, உயரம் 155 செ.மீ. 74 கிலோ இருந்தேன். ஐந்து மாதமாக 16:8 முறையில் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் இருக்கிறேன். பகல் 12 மணி முதல் இரவு 8 வரைதான் சாப்பாடு. முதல் இரண்டு மாதத்தில் 3 கிலோ குறைந்தது, அதோடு நின்றுவிட்டது. தோழி கலோரி எண்ணிச் சாப்பிட்டு 6 கிலோ குறைத்திருக்கிறாள். நானும் அதற்கு மாறலாமா? விரதத்தில்தான் உடம்பு தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் என்கிறார்களே? கணவர் காலை டிபனை ஆபீஸ் கேன்டீனில் பார்த்துக்கொள்கிறார். மாமியாரும் (68) என்னோடு சேர்ந்து மதியம்தான் சாப்பிடுகிறார். சுகர் மாத்திரையை மட்டும் வழக்கம்போலக் காலை 8 மணிக்குப் போட்டுக்கொள்வார். பதினோரு மணிவாக்கில் வேர்க்கிறது, கை நடுங்குகிறது என்பார். உடம்பு பழகும்வரை அப்படித்தான் என்று சொல்லியிருக்கிறேன். காலையில் அடுப்படி வேலையும் மிச்சம்.
– வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் எடை ஒரு வாரம் காத்திருக்கும். உங்கள் மாமியாரின் பதினோரு மணி வியர்வை நாளைக் காலை வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

முதலில் அவருடைய மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். கிளிமிபிரைடு, கிளைகிளசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு என்று ஏதாவது இருக்கிறதா? இவை மெட்ஃபார்மினோடு சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் வரும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை இறங்கிப்போவது அபூர்வம். மேலே சொன்னவை அப்படியில்லை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அதனால்தான் காலை உணவுக்குச் சற்று முன்போ அதோடு சேர்த்தோ போடச் சொல்கிறார்கள். 8 மணிக்கு மாத்திரை, 12 மணிக்குச் சோறு என்றால், இன்சுலின் வந்துவிட்டது, அது கையாள வேண்டிய மாவுச்சத்து வரவில்லை. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போகும்போது உடம்பு அட்ரினலினை விட்டு எச்சரிக்கும். வேர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் அதுதான். பழகிக்கொள்ளும் அறிகுறி என்று நீங்கள் சொன்னது தவறு, ஆபத்தான தவறு.

இது பழகவும் செய்யும் என்பதுதான் இன்னும் மோசம். அடிக்கடி இறங்கினால் உடம்பு எச்சரிப்பதையே குறைத்துக்கொள்ளும். பிறகு வேர்வை வராமலேயே குழப்பமாகப் பேசுவார், பாத்ரூமில் விழுவார். 68 வயதில் இடுப்பு எலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அட்டனலால், மெட்டோபுரோலால் போன்ற பிரஷர் மாத்திரையும் போடுகிறவர் என்றால் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோய், வேர்வை ஒன்றுதான் மிஞ்சும். சிறுநீரகம் மந்தமான வயதில் மருந்து உடம்பில் தங்கும் நேரமும் கூடும்.

இன்றிரவே வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். வேர்வை வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து, ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் பார்த்து, 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு. ஏறியதும் இட்லியோ சோறோ கட்டாயம் சாப்பிட வேண்டும், ஏனென்றால் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடும், மாத்திரை தீராது. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறும். 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது. இந்த வகை மருந்தில் ஒரு நாளோ அதற்கு மேலோகூட மறுபடி மறுபடி இறங்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரையோடு காலை உணவைத் திரும்பக் கொடுங்கள், இந்த வாரமே அவரை டாக்டரிடம் அழைத்துப்போய் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. அவர் உங்களோடு ‘சேர்ந்து’ விரதம் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இருக்கிறேன் என்று சொன்னாரா, அல்லது அடுப்பு எரியவில்லை என்பதால் இருந்துவிட்டாரா? மருமகள் சாப்பிடாத வீட்டில் ‘எனக்கு இரண்டு இட்லி ஊற்றித் தா’ என்று கேட்க நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வாய் வராது. பசிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். உங்கள் கணவரையும் விடுவதாக இல்லை. கேன்டீனில் தட்டு முன்னால் உட்காரும்போது, வீட்டில் அம்மா சாப்பிட்டாளா என்று ஒருநாளாவது நினைத்தாரா? காலையில் கொஞ்சம் முன்னதாக எழுந்து இட்லி ஊற்ற அவருக்கும் கை இருக்கிறது. யார் பற்றவைப்பது என்பது உங்கள் இருவருக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. மாத்திரை போடும் பெரியவர் இருக்கும் வீட்டில் காலையில் அடுப்பு எரிய வேண்டும் என்பதில் பேச்சே கிடையாது.

சரி, உங்கள் விஷயம். விரதமா, கலோரியா என்று நேருக்கு நேர் வைத்துப் பார்த்துவிட்டார்கள். சீனாவின் குவாங்சோவில் 139 பேரை இரண்டாகப் பிரித்து, இரு பிரிவுக்கும் ஒரே கலோரிக் குறைப்பு, ஒரு பிரிவுக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை என்ற கட்டுப்பாடும் சேர்த்து, ஒரு வருடம் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. நேரக் கட்டுப்பாடு இருந்தவர்கள் சராசரி 8 கிலோ, இல்லாதவர்கள் 6.3 கிலோ குறைந்தார்கள். புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமாகத் தேறவில்லை. 2023-ல் வெளியான சிகாகோ ஆய்வில் பகல் 12 முதல் இரவு 8 வரை, உங்கள் நேரமேதான். கலோரி எண்ணாமல் அப்படிச் சாப்பிட்டவர்களும், நேரம் பாராமல் கலோரியைக் கால்பங்கு குறைத்தவர்களும் ஒரு வருடத்தில் ஏறக்குறைய சமமாகவே இளைத்தார்கள். இரு பிரிவினரும் தினம் சாப்பிட்டதில் குறைத்துக்கொண்டது சுமார் 400 கலோரி. கடிகாரம் கொழுப்பைக் கரைப்பதில்லை. சாப்பிடும் நேரம் சுருங்குவதால் சிலருக்கு அளவும் சுருங்குகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு முதல் இரண்டு மாதம் சுருங்கியது. பிறகு 12 மணிப் பசிக்கு ஒரு கரண்டி சோறு கூடியிருக்கும், 4 மணிக் காபியோடு மிக்சரும் வந்திருக்கும்.

உடம்பு சுத்தம் பற்றி: செல் தன் பழுதுகளைத் தானே செரித்துக்கொள்ளும் வேலை எப்படி நடக்கிறது என்று ஈஸ்டில் கண்டறிந்ததற்காக ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. 16 மணி நேரம் பட்டினி இருந்தால் மனித உடம்பு சுத்தமாகிவிடும் என்று அவர் காட்டவில்லை.

உங்கள் உயரத்துக்கும் வயதுக்கும் ஒரு நாளைக்கு 1,400 கலோரி சரியாக இருக்கும். ஆயுசுக்கும் எண்ண வேண்டாம், ஒரே ஒரு வாரம் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். வடித்த சோறு 150 கிராம் என்றால் சுமார் 200 கலோரி. இட்லி ஒன்று 60–70. ஏமாற்றுவது எண்ணெய்தான், ஒரு மேசைக்கரண்டியே 120-க்கு மேல். ஐந்து பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்ந்தால், ஆளுக்குத் தினம் 33 மில்லி, ஏறக்குறைய 275 கலோரி. தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று மாதத்தின் முதல் நாளே அளந்து தனிப் பாத்திரத்தில் வைத்துவிடுங்கள், வேறெதையும் தொடாமலேயே அதில் பாதி குறையும். கரண்டியால் ஊற்றுங்கள், தூக்கிலிருந்து சாய்க்காதீர்கள்.

புரதம் குறையக் கூடாது. 2020-ல் வந்த சான் பிரான்சிஸ்கோ ஆய்வில் 16:8 இருந்தவர்களில் ஒரு பிரிவினரை ஸ்கேன் செய்தபோது, குறைந்த எடையில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை, தசை போன்றவைதான். உங்களுக்குத் தினம் 55–60 கிராம் வேண்டும். முட்டை இரண்டு (12 கிராம்), ஊறவைக்கும் முன் 50 கிராம் இருக்கும் கொண்டைக்கடலையில் சுண்டல் (சுமார் 10), பருப்பு, தயிர், பால் எல்லாம் சேர்த்தால் தேறும். வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதை மூன்று தடவை செய்யுங்கள்.

நேரக் கட்டுப்பாடு உங்களுக்குப் பிடித்திருந்தால் விட வேண்டியதில்லை. அதைக் காலைப் பக்கம் நகர்த்துங்கள். 8 மணிக்குத் தொடங்கி மாலை 6-க்கு முடியுங்கள். குவாங்சோவிலும் காலை 8 மணிக்குத்தான் தொடங்கினார்கள். ராத்திரி சீரியலோடு உள்ளே போகும் முறுக்கும் அதில் நின்றுவிடும். மாமியாருக்கு மட்டும் இரவு உணவு அவருடைய வழக்கமான நேரத்தில்.

நாளை காலை ஏழே முக்காலுக்குத் தட்டு இரண்டாக வையுங்கள். அவருக்கு மூன்று இட்லி, சாம்பாரில் பருப்பு கெட்டியாக. மாத்திரையை அந்தத் தட்டின் பக்கத்தில் வைத்து, அவர் சாப்பிடும்வரை கூடவே உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். பதினோரு மணிக்கு மீட்டரில் விரல் குத்தி, வரும் எண்ணைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.