தேர்தல் வந்தால் கட்டட வேலை நிற்குமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. தேர்தல் அறிவிப்பு வரப்போகிறது, ஆட்சி மாறினாலும் மாறலாம். நடந்துகொண்டிருக்கும் கட்டட வேலை, வரவேண்டிய பில், வாரக்கூலி எல்லாம் என்ன ஆகும்? ஒரு கட்டுமானப் பொறியாளரும் ஒரு தொழிலாளர் சட்ட ஆலோசகரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

சிறுபாலம் ஒன்று கட்டப் பணி ஆணை வாங்கியிருக்கிறேன். இன்னும் தொடங்கவில்லை. முந்தைய வேலையின் பில்லும் நிலுவையில் இருக்கிறது. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் இரண்டுமே நின்றுவிடும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மையா?
– ஒப்பந்ததாரர், விருதுநகர்

பாதி உண்மை. பணி ஆணை கொடுத்திருந்தாலும் களத்தில் வேலை தொடங்கியிருக்காவிட்டால், நடத்தை விதி முடியும்வரை தொடங்கக் கூடாது. களத்தில் தொடங்கிவிட்ட வேலையைத் தொடரலாம். முடித்த வேலைக்கு, அதிகாரிகள் தரத்தில் திருப்தி அடைந்தால், பணம் தர எந்தத் தடையும் இல்லை. ‘நடத்தை விதி, அதனால் பில் போட முடியாது’ என்று யாராவது சொன்னால், எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள்.

பில் தாமதமாவதற்கான காரணம் பெரும்பாலும் வேறு. 2021-ல் சட்டமன்றத் தேர்தல் பிப்ரவரி 26 அன்று அறிவிக்கப்பட்டது. 2024-ல் மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று. நிதியாண்டு முடிகிற நேரம் அது. அளவெடுக்க வேண்டிய உதவிப் பொறியாளர் தேர்தல் பயிற்சிக்குப் போய்விடுவார். எம்-புக்கில் (அளவுப் பதிவேட்டில்) அளவு ஏறாமல் பில் எழாது. மார்ச் 31 தாண்டினால் அந்த ஆண்டின் ஒதுக்கீடு காலாவதியாகி, மறு ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். 2024-ல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்தும், நடத்தை விதி ஜூன் 6 வரை நீடித்தது. ஏறக்குறைய 12 வாரம்.

அதற்குப் பிறகும் வேலை உடனே சூடு பிடிக்காது. சட்டமன்றத் தேர்தல் ஆண்டில் முதலில் இடைக்கால பட்ஜெட்தான் வரும். 2021-ல் திருத்திய பட்ஜெட் ஆகஸ்ட் 13 அன்று வந்தது. புதுத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கி, டெண்டர் விட்டு, ஆணை தருவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். உங்கள் ஆட்களுக்கு ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போடும்போது இந்த இடைவெளியையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: முடிந்த பகுதியை உடனே அளந்து எம்-புக்கில் ஏற்றி, மேல் அதிகாரியின் சரிபார்ப்பையும் வாங்கிவிடுங்கள். புது வேலையில் இடத்தை எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்கக் கேட்டு, மார்க்கிங் செய்து அஸ்திவாரத்தை உண்மையாகவே தோண்டத் தொடங்குங்கள். தேதியுடன் படம் எடுங்கள். ஒரு வண்டி ஜல்லி இறக்கி வைத்துவிட்டு ‘தொடங்கிவிட்டோம்’ என்று காட்டுவது புகார் வந்தால் நிற்காது. தொடங்க முடியாமலே போனால், ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே கால நீட்டிப்பு கேட்டுக் கடிதம் கொடுங்கள். காலம் கடந்து கேட்டால் அபராதம் விழும். வங்கி உத்தரவாதம் காலாவதியாகும் தேதியையும் இன்றே பார்த்துவையுங்கள். பலர் மறப்பது அதைத்தான்.

சனிக்கிழமை வாரக்கூலி கொடுக்க ஒன்றரை லட்சம் ரூபாய் எடுத்துப் போக வேண்டும். பறக்கும் படை பிடித்தால் என்ன செய்வது?
– மேஸ்திரி, கோவை

50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் எடுத்துப் போனால் பறிமுதல் செய்வார்கள். அந்த வாரம் அடுப்பு எரியாமல் போவது சித்தாளின் வீட்டில். அதனால் நான்கு தாள்கள் எப்போதும் கையில் இருக்கட்டும்: அதே நாளில் பணம் எடுத்ததற்கான வங்கிச் சீட்டு அல்லது பாஸ்புக் பதிவு, ஆள்வாரியாகப் பெயர், நாள், கூலி எழுதிய பட்டியல், வேலை ஒப்பந்தம் அல்லது பணி ஆணையின் நகல், உங்கள் அடையாள அட்டை. பட்டியலின் கூட்டுத்தொகையும் கையிலுள்ள பணமும் ஒத்துப்போக வேண்டும். சிமென்ட் கடைக்குத் தர வேண்டியதையும் அதே பையில் வைத்தால் அங்கேதான் சிக்கல் தொடங்கும்.

பறிமுதல் செய்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் மூன்று அதிகாரிகள் கொண்ட குறைதீர்க் குழு உண்டு. முறையீடு எங்கே செய்வது என்பதைப் பறிமுதல் செய்பவர்களே தெரிவிக்க வேண்டும். வழக்குப் பதிவாகாமல், வேட்பாளருக்கோ கட்சிக்கோ தொடர்பில்லாத பணம் என்று தெரிந்தால், குழு ஆணை போட்டு விடுவிக்கும். அடுத்த வேலை நாளிலேயே போய்விடுங்கள். கணக்கு வைத்திருக்கும் ஆட்களுக்கு வங்கி வழியாகவே அனுப்பிவிட்டால், கையில் எடுத்துப் போக வேண்டிய தொகை பாதியாகக் குறையும்.

ஓட்டுப் போடப் போனால் அன்றைய கூலி கிடையாது என்கிறார் மேஸ்திரி. நாங்கள் தினக்கூலிதான். கேட்க உரிமை இருக்கிறதா?
– சித்தாள் வேலை செய்யும் வாசகி, திண்டுக்கல்

இருக்கிறது அம்மா. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 135பி பிரிவு, வாக்குப்பதிவு நாளில் வாக்குரிமை உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் விடுமுறை தர வேண்டும், அதற்காகக் கூலியைப் பிடிக்கக் கூடாது என்கிறது. அன்று வேலை செய்தால் மட்டுமே கூலி என்ற நிலையில் இருப்பவருக்கும் அந்த நாளின் கூலியைத் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் ஓட்டு வேறு தொகுதியில் இருந்தாலும் இது பொருந்தும்.

சட்டம் காப்பது அந்த ஒரு நாளை மட்டுமே. ஊருக்குப் போய்வரும் மற்ற நாட்களுக்குக் கூலி கேட்க முடியாது. இதை மீறும் முதலாளிக்கான அபராதம் 500 ரூபாய் வரைதான் என்பது வருத்தமான விஷயம். அதனால்தான் பலர் பயப்படுவதில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து வாக்குப்பதிவுக்கு முன்பே பேசுங்கள். மறுத்தால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மேஸ்திரியை வேலைக்கு வைத்திருக்கும் கட்டட நிறுவனத்துக்கும் தகவல் போகட்டும், பல நேரம் அங்கிருந்து ஒரு போன் வந்தாலே விஷயம் முடிந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட் போடும் நேரம். ஆட்கள் எல்லாம் ஓட்டுக்கு ஊருக்குப் போய், திருவிழாவும் முடித்து, இரண்டு வாரம் கழித்துத்தான் வருவார்களாம். போட்டுவிட்டுப் போகச் சொல்லவா, வந்த பிறகு போடவா?
– வாசகி, தஞ்சாவூர்

தண்ணீர் விட ஒருவர் உறுதியாக இருந்தால், போட்டுவிட்டுப் போகட்டும். கான்கிரீட் எப்படியும் காத்திருக்க வேண்டிய நாட்கள்தான் அவை. ஆட்கள் கிளம்ப இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கான்கிரீட் போடுங்கள். கிளம்பும் அன்று அவசரமாகப் போட்டால் தேன்கூடு போல ஓட்டைகள் விழும், மட்டம் கெடும். மறுநாளே மேலே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குங்கள். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், பிபிசி (சாம்பல் கலந்த சிமென்ட்) என்றால் 10 நாள் ஈரம் காயவே கூடாது. ஏப்ரல் வெயிலில் காலை தேக்கிய தண்ணீர் மாலைக்குள் வற்றிவிடும். பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது போதாது. உள்ளூர் ஆள் ஒருவருக்குக் கூலி பேசிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, கான்கிரீட்டைத் தாங்கும் முட்டுகளை முன்கூட்டியே எடுப்பது. ஊருக்குப் போகுமுன் சென்ட்ரிங் பிரித்து, ஷீட்டை வேறு இடத்துக்கு மாற்றினால் வாடகை மிச்சம் என்று ஒப்பந்ததாரர் நினைப்பார். சாதாரண சிமென்டுக்கு ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) சொல்லும் குறைந்தபட்ச அளவு இது: ஸ்லாபைத் தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ இடையிலான தூரம் 4.5 மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 அடி வரை என்றால் முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் நீளம் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். பிபிசி சிமென்ட் என்றால் இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ஆட்கள் திரும்பி வந்த பிறகே பிரிக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வார ஷீட் வாடகையைத் தரச் சம்மதித்துவிட்டால் வாக்குவாதமே வராது.

தண்ணீர் விட ஆள் கிடைக்காவிட்டால் கான்கிரீட்டைத் தள்ளிப்போடுங்கள். கம்பியில் லேசாகப் பூத்த துரு கெடுதல் இல்லை. போடுவதற்கு முன் முட்டுகள் இறங்கியிருக்கின்றனவா, கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டை) நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷீட் மேல் சேர்ந்த மண்ணைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

மாதக்கணக்கில் நிறுத்த நேர்ந்தால் எங்கே நிறுத்துகிறோம் என்பது முக்கியம். தோண்டிய குழியோடு நிறுத்தாதீர்கள், ஒரு மழையில் கரை சரியும். பிளிந்த் பீம் (அடித்தள மட்டத்தில் ஓடும் பீம்) முடித்து உள்ளே மண் நிரப்பிய நிலையில் நிறுத்துவது நல்லது. மேலே நீட்டியிருக்கும் தூண் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசிப் பாலிதீன் சுற்றிவையுங்கள். பாதியில் நிற்கும் சுவரின் முனையைப் படிப்படியாக விடுங்கள், பிறகு இணைக்கும்போது விரிசல் குறையும். மிச்சமான சிமென்ட் மூட்டைகளைச் சேமித்து வைக்க வேண்டாம்: மூன்று மாதத்தில் வலு ஏறக்குறைய 20 சதவீதம், ஆறு மாதத்தில் 30 சதவீதம் குறைந்துவிடும். கடையில் திருப்பிக் கொடுங்கள், இல்லை வேலை நடக்கும் வேறு இடத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஆணை வந்திருக்கிறது. தேர்தல் வந்தால் தவணை நிற்குமா?
– வாசகர், சிவகங்கை

வேலையைத் தொடங்கியிருந்தால், கட்டிய நிலைக்கு ஏற்ற தவணை வரும். நடத்தை விதிக் காலத்தில் புதுப் பயனாளிகளைத் தேர்வு செய்வதும் புது வீடு தொடங்குவதும்தான் கூடாது. ஆகவே அறிவிப்புக்கு முன்பே அஸ்திவாரத்தைத் தொடங்கி, ஒன்றியப் பொறியாளர் வந்து படம் எடுத்துப் பதிவு செய்ததை உறுதிப்படுத்துங்கள். 3.5 லட்சம் ரூபாயும் ஒரே நேரத்தில் வராது என்பதால் தவணை பிந்தும் ஓரிரு மாதத்தை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்துவைத்துத் தொடங்குங்கள். வட்டிக்கு வாங்கி ஈடுகட்டினால் வீட்டுக்குப் போட்ட கணக்கே தலைகீழாகிவிடும்.

தேர்தல், ஆட்சி மாற்றம் என்று காரணம் சொல்லி அடுக்குமாடி வீட்டை ஒப்படைக்கத் தாமதம் செய்கிறார்கள்.
– வாசகர், சென்னை

ரெரா சட்டம் (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம்) தவிர்க்க முடியாத காரணமாக ஏற்பது போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், மற்ற இயற்கைப் பேரிடர்கள் ஆகியவற்றை. தேர்தல் அதில் இல்லை. நிறுவனத்தின் தவறு இல்லாத நியாயமான சூழ்நிலையில் ஆணையம் மொத்தத்தில் ஓராண்டு வரை நீட்டிப்புத் தரலாம். தந்திருக்கிறதா என்பதை ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். தரவில்லை என்றால் தாமதத்துக்கு மாதாந்திர வட்டியோ, விலகுவதானால் வட்டியோடு பணமோ கேட்கலாம்.

ஜல்லி, எம்-சாண்ட் விலை அரசு அறிவிப்புக்கு அறிவிப்பு மாறுகிறது. சதுர அடி ரேட் பேசி வீடு கட்டுபவன் நான். எப்படி ஒப்பந்தம் போடுவது?
– பொறியாளர், சேலம்

2025 ஏப்ரலில் கனிம நில வரி (கனிமம் எடுக்கும் நிலத்துக்கான மாநில வரி) அமலானதும் விலை ஏறியது. பிறகு கிரஷர்கள் (ஜல்லி உடைக்கும் ஆலைகள்) வேலைநிறுத்தத்தில் இறங்கின. சரக்கு வராத நாட்களில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை இல்லை, ஆனால் அந்த இழப்பு எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஒப்பந்தத்தில் அடிப்படை விலைப் பட்டியல் ஒன்றைச் சேருங்கள்: சிமென்ட் மூட்டைக்கு, கம்பி கிலோவுக்கு, எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட்டுக்கு. 5 சதவீதத்துக்குள் ஏறினால் உங்கள் பொறுப்பு, அதைத் தாண்டிய வித்தியாசம் வீட்டுக்காரர் பொறுப்பு, குறைந்தால் அவருக்குக் கழிவு என்று எழுதுங்கள். 1,000 சதுர அடிக்கு ஏறக்குறைய 400 மூட்டை சிமென்ட், 4 டன் கம்பி என்று வைத்தால், கம்பி கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் 20,000 ரூபாய், சிமென்ட் மூட்டைக்கு 30 ரூபாய் ஏறினால் 12,000 ரூபாய். இந்தக் கணக்கை வீட்டுக்காரர் முன்னால் போட்டுக் காட்டினால் பிறகு சண்டை இருக்காது. இந்த நிபந்தனை எழுதப்படாத வேலைகளில் விலை ஏற்றம் கடைசியில் கூலியைக் குறைப்பதிலும் கம்பியைக் குறைப்பதிலும்தான் போய் முடிகிறது.

பெரிய அரசுத் திட்டம் ஒன்றில் கம்பி கட்டும் வேலையைத் துணை ஒப்பந்தமாக எடுக்கப்போகிறேன். ஆட்சி மாறினால் திட்டமே நின்றுவிடுமோ?
– துணை ஒப்பந்ததாரர், திருவள்ளூர்

நின்றதுண்டு. சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலத்துக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள்; ஆட்சி மாறிய பின் 2012-ல் கூவத்தில் தூண் அமைப்பது தொடர்பான ஆட்சேபத்தால் நின்றது. பிறகு ஈரடுக்கு மேம்பாலமாகத் திட்டத்தை மாற்றி 2022-ல்தான் மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். ஆந்திரத்தின் அமராவதியில் 2019 ஆட்சி மாற்றத்தோடு நின்ற தலைநகர வேலை, 2024-ல் ஆட்சி மாறிய பிறகே உயிர்பெற்றது. பெரிய நிறுவனம் வழக்குப் போட்டு, சமரசம் பேசித் தன் பணத்தை மீட்கப் பார்க்கும். அவ்வளவு காலம் உங்களால் காத்திருக்க முடியாது.

சேருமுன் மூன்றைக் கேளுங்கள்: நிலம் முழுதும் கைக்கு வந்துவிட்டதா, சுற்றுச்சூழல், நீர்வள அனுமதிகள் கிடைத்துவிட்டனவா, பணம் எங்கிருந்து வருகிறது. மாநிலமும் மத்திய அரசும் பங்கு போடும் திட்டம் என்றால் இரண்டு ஆட்சிகளையும் பொறுத்தது அது. அடுத்து, ‘மேலே பணம் வந்தால்தான் உனக்குப் பணம்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மாதப் பில்லுக்குப் பதில் 15 நாள் பில் கேளுங்கள். வேலை நின்றால் எத்தனை நாள் வரை ஆட்களுக்குக் காத்திருப்புக் கூலி, ஊர் திரும்பப் பயணச் செலவு யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பில் தவணைக்கு மேல் பாக்கி நிற்கவிட்டால், நீங்கள் உங்கள் ஆட்களின் கூலியைக் கொண்டு அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கிறீர்கள் என்றுதான் பொருள்.

உங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால், அதைத் தரும் பொறுப்பு வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்துக்குச் சட்டப்படி உண்டு. அது கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரர் பில்லில் பிடித்துக்கொள்ளும். அதைக் கேட்க வேலை செய்த நாட்களுக்குச் சான்று வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டில் தேதி, வேலை, கூலி எழுதி வாரம் ஒருமுறை மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கட்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்கள் 60 வயது நிறைவதற்கு முன் பதிவு செய்யட்டும். பதிவு செய்தவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தேதியை அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கட்டும்.