கஃபே-3 உங்க பழைய டீசலைத் தொடாதுங்க

ஏனுங்க, பொள்ளாச்சி நண்பரே, 2027 ஏப்ரல்ல கஃபே-3 வருது, அதுக்கு முன்னாடி உங்க 2016 டீசல் காரை விக்கணும்னு யார் சொன்னாங்க? கஃபேங்கிறது கார் கம்பெனிகளுக்கான எரிபொருள் சிக்கன விதி. அதோட வரம்பு, கம்பெனி ஒரு வருஷம் விக்கிற புதுக் கார்கள் மொத்தத்துக்குமான சராசரி. இதுக்கு முந்தின கஃபே-2-ல அது கிலோமீட்டருக்கு சுமார் 113 கிராம் கார்பன் டை ஆக்சைடு. உங்களுக்குப் புகைச் சான்றும், 15 வருஷத்துல ஆர்சி புதுப்பிப்பும்தான்.

மைலேஜ் 20-ல இருந்து 15 ஆனதுக்காக ஈஜிஆரை, அதாவது புகையில ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற வால்வை, அடைச்சு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்துறது) பண்ணாதீங்க. செக் இன்ஜின் விளக்கு எரியலாம், நைட்ரஜன் ஆக்சைடு கூடும், சட்டப்படியும் தப்பு. அந்த வால்வு கரி பிடிச்சுத் திறந்தே நின்னா கரும்புகை வரும், மைலேஜ் விழும். இன்ஜின் ஆறினதும் பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, வால்வை இறக்குங்க. கார்ப் கிளீனர் (கரியைக் கரைக்கிற ஸ்ப்ரே) அடிச்சு நைலான் பிரஷ்ல தேய்ங்க. வால்வோட மின் மோட்டார் பக்கம் சொட்டுகூடப் படக்கூடாது. மாட்டும்போது புது கேஸ்கெட் போடுங்க, பழசு கசியும்.

அதுக்கும் முன்னாடி ஏர் ஃபில்டரைப் பாருங்க. தென்னைநார் மில் தூசியில ஓடுற வண்டிக்கு சர்வீஸ் புக் கணக்கெல்லாம் ஒத்து வராதுங்க. அப்புறம், கோவை ரோட்டுல ஓட்டிட்டு நிறுத்தினதும் ஒவ்வொரு வீல் கிட்டயும் தொடாம கையைக் காட்டுங்க. முன்னாடி ரெண்டுல ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அங்க பிரேக் விடாம உரசுது, அதுவும் மைலேஜைத் தின்னும்; பிரேக் காலிப்பர் (பேடை அழுத்துற பாகம்) நகர்ற பின் இறுகியிருக்கலாம்.